உங்கள் வீட்டுச் சருகு, எங்கள் உர விலை: ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் இலையைக் கொட்டினால் வாசல் கூட்டி மாளாது. அதனால்தான் ஞாயிறு காலைகளில் நம் நர்சரி வண்டி வடவள்ளித் தெருக்களில் சருகு எடுக்க வருகிறது. "சும்மா தருகிற குப்பையை உரமாக்கி எங்களிடமே விற்கிறீர்களே?" என்று சிலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சருகில் கரிச்சத்து (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பச்சைப் புல்லை மட்டும் குவித்தால் அழுகி நாறும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். அதற்காகச் சருகோடு புல், கிளைரிசிடியா மரத் தழை, சாணக் கரைசல் எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்க்கிறோம். மாவிலை தடித்த இலை, நறுக்காமல் போட்டால் லேசில் மட்காது. தென்னை மட்டையோ மெஷினில் அரைத்தே தீர வேண்டும். குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறிச் சில நாட்கள் நின்றால்தான் களை விதைகள் சாகும். ஓரத்தில் கிடப்பதும் உள்ளே போகும்படி புரட்ட வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும் (கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது), கடைசியில் சலிக்க வேண்டும். அத்தனையும் ஆள் வேலை. முடிகிறபோது குவியல் பாதிக்கும் கீழே வற்றியிருக்கும். நீங்கள் தரும் காசு அந்தக் கூலிக்குத்தான், சருகுக்கு அல்ல.

சரி, சருகு உங்களுடையது என்பதும் உண்மைதானே? இந்த மாதம் முதல் நான்கு சாக்குச் சருகு தருபவர்களுக்கு ஐந்து கிலோ மட்கு உரம் இலவசம்.

பாலித்தீன் பையில் கட்டித் தராதீர்கள், பிரித்தெடுப்பதற்குள் எங்கள் ஆட்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. புல்லைத் தனிச் சாக்கில் போடுங்கள். பூத்த பார்த்தீனியமும் கோரைக் கிழங்கும் வேண்டவே வேண்டாம். சூடு பிடிக்காத ஓரத்தில் ஒரு கிழங்கு பிழைத்தாலும் அது உங்கள் தொட்டியில்தான் முளைக்கும்.

வண்டி வரத் தாமதமானால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதைத் தடுக்கின்றன. அப்புறம், வீட்டில் மூன்றடிக்கு மூன்றடி இடம் இருந்தால் நீங்களே குவியல் போடலாம். நர்சரிக்கு வந்தால் முறையைக் காட்டித் தருகிறோம். எங்களுக்கு உர வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் நர்சரியார்,
வடவள்ளி, கோவை