மாணிக்கத்த திட்டின வீடுகளுக்கும் ஒரு அரைப்பக்கம் குடுங்க சார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல சினிமாவுக்குன்னு தனி பக்கமே வருது, பழைய படம், பழைய பாட்டு, அந்தக் கால ஸ்டூடியோ கதைன்னு நிறைய எழுதுறீங்க, ஒண்ணு விடாம நான் படிக்கிறேன், நல்லாவும் இருக்கு. ஆனா சீரியல்னு வந்துட்டா மட்டும் டிஆர்பில யாரு முதல் இடம், யாருக்கு கல்யாணம், யாரு பாதியில விலகிட்டாங்க, இதத் தாண்டி ஒரு வரி கிடையாது. எத்தனை வீட்டுல வருஷக்கணக்கா ராத்திரி சாப்பாட்டு நேரத்தையே இவங்கதான் முடிவு பண்ணாங்க, அவங்களப் பத்தி நிதானமா உக்காந்து எழுத ஒரு அரைப்பக்கம் கூடவா இல்ல? அதக் கேக்கத்தான் இந்த லெட்டர்.

நான் சொல்றது நடிகர் நடிகைங்கள மட்டும் இல்ல, அவங்க வாழ்ந்து காட்டுன ஆளுங்கள. சாரதா, சிதம்பரம், சரோ, மாணிக்கம், அபி, தொல்காப்பியன், ஆதி. இந்தப் பேர படிக்கும்போதே உங்களுக்கு முகம் வந்துருக்கும் பாருங்க. சில பேருக்கு சீரியலே அடையாளமா ஒட்டிக்கிச்சு, போஸ் வெங்கட் பேர்ல இருக்குற போஸ் 'மெட்டி ஒலி'யில அவர் பண்ண கேரக்டரோட பேரு, டைட்டில் பாட்டுல ஆடுன டான்ஸ் மாஸ்டர் சாந்தி இன்னிக்கு வரைக்கும் 'மெட்டி ஒலி' சாந்திதான்.

'மெட்டி ஒலி' 2002ல ஆரம்பிச்சு 2005 வரைக்கும் சன் டிவில ஓடுச்சு, திருமுருகன் டைரக்ட் பண்ணது. கதைன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்லங்க, பொண்டாட்டி இல்லாத ஒரு மனுஷன் அஞ்சு பொண்ணுங்கள வளர்த்து கட்டிக் குடுக்குறாரு, கட்டிக் குடுத்ததுக்கு அப்புறம் என்னென்ன படுறாரு, அவ்வளவுதான். ஆனா டெல்லி குமார் அந்த சிதம்பரமா வந்து பொண்ணு வீட்டு வாசல்ல நிக்குறப்போ, உள்ள போகலாமா வேணாமா, மாப்பிள்ளை இருக்காரா, இப்ப பேசுனா பொண்ணுக்கு அப்புறம் ஏதும் தொந்தரவு ஆயிடுமான்னு அத்தனையும் அந்த மூஞ்சிலயே தெரியும், வசனமே வேண்டியதில்ல. பொண்ணப் பெத்தவங்க அத்தனை பேரும் அந்த மூஞ்சிய தன்னோட மூஞ்சியா பாத்தாங்க. எங்க அப்பா சீரியலே பாக்க மாட்டாரு, நியூஸ் மட்டும்தான், ஆனா சிதம்பரம் வர்ற சீன்னா மட்டும் பேப்பர மடிச்சு மடியில வச்சுக்கிட்டு பாப்பாரு, முடிஞ்சதும் மறுபடி பிரிச்சுக்குவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அக்காவுக்கு கல்யாணம் பேசிக்கிட்டு இருந்த நேரம் அது.

அப்புறம் மாணிக்கம். சேத்தன் நடிச்சது. அம்மாவா சாந்தி வில்லியம்ஸ். எங்க அப்பத்தா டிவிக்கு ரொம்ப கிட்டக்க போய் உக்காந்துக்கிட்டு, "ஏண்டா, ஆத்தா பேச்ச கேட்டுக்கிட்டு கட்டுனவள இந்தப் பாடு படுத்துறியே, நீயெல்லாம் உருப்படுவியாடா"ன்னு நிஜமாவே கை நீட்டி திட்டும், விளம்பரம் வந்தாலும் நிறுத்தாது. அதுக்கு அவர் பேரு சேத்தன்னு கடைசி வரைக்கும் தெரியாது, வேற எதுலயாவது நல்லவரா வந்தாக்கூட "இவன நம்பாதீங்க"ன்னு சொல்லும். இவ்வளவுக்கும் அதே சேத்தன 'விடாது கருப்பு'லயே நாங்க பாத்துருக்கோம், நாகா டைரக்ஷன்ல இந்திரா சௌந்தர்ராஜன் எழுதுன மர்மதேசம் வரிசையில வந்தது, அதுல கூட நடிச்ச தேவதர்ஷினியத்தான் பின்னாடி கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு. அதெல்லாம் எடுத்துச் சொன்னாலும் அப்பத்தா காதுல ஏறாது, மாணிக்கம்னா மாணிக்கம்தான்.

இப்ப யோசிச்சா மாணிக்கம் ஏன் அவ்வளவு பேருக்கு வயித்தெரிச்சல் குடுத்தான்னா அவன் வில்லனே இல்ல. விஷம் வைக்கல, ஆள் வச்சு கடத்தல. அம்மாவுக்கு நல்ல புள்ளையா இருக்கோம்னு நம்பிக்கிட்டே பொண்டாட்டிக்கு கெட்ட புருஷனா இருந்தான், அவ்வளவுதான். அப்படி ஒருத்தர் நம்ம எல்லார் சொந்தத்துலயும் இருக்காரு, அவர நேரா திட்ட முடியாது, மாணிக்கத்த திட்டலாம். அவன் பொண்டாட்டி சரோ அழும்போது எங்க தெருவுல சில பொம்பளைங்க அழுதது சரோவுக்காக மட்டும் இல்லன்னு அப்ப எனக்கு புரியல, கல்யாணம் ஆகி வந்ததுக்கு அப்புறம்தான் புரிஞ்சது.

'சித்தி' இதுக்கும் முன்னாடி, 1999ல ஆரம்பிச்சு 2001 வரைக்கும். கதையில சினிமாவுல எல்லாம் சித்தின்னா மூத்தாள் புள்ளைக்கு சோறு போடாதவளாவே அதுவரைக்கும் காட்டிக்கிட்டு இருந்தாங்க, ராதிகா சாரதாவா வந்து அத மாத்தி போட்டாங்க. சாரதா அழுதா சரி, அழுது முடிச்சதும் எந்திரிச்சு வேலையப் பாப்பா, அதுதான் எங்களுக்கு புடிச்சது.

ஆனா எனக்குன்னு ஒருத்தர மட்டும் தேர்ந்தெடுக்க சொன்னா 'கோலங்கள்' தொல்காப்பியன்தான். 2003ல இருந்து 2009 வரைக்கும் ஓடுச்சு, ஆயிரத்து ஐநூறு எபிசோடுக்கு மேல, அந்த சீரியல் ஆரம்பிச்சப்போ ஸ்கூல்ல இருந்த பசங்க முடியும்போது வேலைக்கு போய்ட்டாங்க. தேவயானி அபியா நடிச்சாங்க, டைரக்டர் திருச்செல்வமே தொல்காப்பியனா நடிச்சாரு. அபிக்கு அவரு 'தொல்ஸ்'. ஒரு ஆம்பளையும் பொம்பளையும் சும்மா நண்பர்களா இருக்கலாம்ங்கிற விஷயத்த எங்க வீட்டுல அதுவரைக்கும் யாரும் வாய் விட்டு பேசுனதே இல்ல, தொல்ஸ் வந்ததுக்கு அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க, அதுவும் யாரு, எங்க அத்தை, காலேஜ்ல தன் பொண்ணு பசங்களோட பேசக்கூடாதுன்னு சண்டை போட்டவங்க. உடனே மாறிட்டாங்கன்னு நான் சொல்லல, ஆனா "அந்த தொல்காப்பியன் மாதிரி இருந்தா பரவால்ல"ன்னு ஒரு நாள் அவங்க வாயாலயே வந்துச்சு, நான் அங்கதான் இருந்தேன்.

ஆதியவும் சொல்லாம விட முடியாது. அஜய் கபூர் நடிச்சது. அவன் ஏதோ வானத்துல இருந்து குதிச்ச கெட்டவன் இல்ல, அபியும் அவனும் ஒரே அப்பாவுக்கு வேற வேற அம்மா வயித்துல பொறந்தவங்க, மொத்த சண்டையும் அந்த ஒரு இடத்துல இருந்துதான் கெளம்புது. அப்பன் பண்ண தப்புக்கு புள்ளைங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அடிச்சுக்கிறாங்க, பாக்குற நமக்கு ரெண்டு பேர் மேலயும் ஒரு நேரத்துல பாவமா இருக்கும். பின்னாடி வந்த நிறைய சீரியல்ல வில்லி ஏன் வில்லியா இருக்கான்னே காரணம் இருக்காது, கண்ண உருட்டுனா போதும், பின்னாடி ம்யூசிக் அதிர்ந்தா போதும்னு ஆயிடுச்சு. 'தெய்வமகள்' அண்ணியார் மாதிரி சில பேர் அதுல தப்பிச்சாங்க, ரேகா கிருஷ்ணப்பா அந்த காயத்ரிய பண்ண விதத்துல ஒரு மிடுக்கு இருந்துச்சு, அது வேற.

சினிமாவுல ஒரு ஆளுக்கு கெடைக்கிறது ரெண்டரை மணி நேரம். சீரியல்ல வருஷக்கணக்குல கெடைக்குது, அதனால அவங்க தப்பு பண்ணலாம், திருந்தலாம், திருந்துன மாதிரி இருந்து மறுபடி தப்பு பண்ணலாம், சும்மா உக்காந்து அரிசி பொறுக்கிட்டு பேசிக்கிட்டு கூட இருக்கலாம். நம்மளோட சேந்தே அவங்களுக்கும் வயசாச்சு. கரண்ட் கட் வாட்டி எடுத்த அந்த வருஷங்கள்ல, கரண்ட் இல்லாத ஊர்ல இருந்து கரண்ட் இருக்குற ஊர் சொந்தக்காரங்களுக்கு போன் போட்டு "அபி என்ன சொன்னா"ன்னு கேப்பாங்க, நலம் விசாரிக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்தான். ஸ்க்ரீன்ல திடீர்னு "இவருக்குப் பதில் இவர்"னு போடுவாங்களே, அன்னிக்கு வீட்டுல எழவு விழுந்த மாதிரிதான் இருக்கும், புது ஆள ஏத்துக்க மாசம் ஆகும், ஏத்துக்காமலே விட்டதும் உண்டு.

இத ஏன் இப்ப எழுதுறேன்னா, 2021 அக்டோபர்ல உமா மகேஸ்வரி இறந்து போனாங்க. 'மெட்டி ஒலி' விஜி. நாப்பது வயசுதான். அதுக்கு முந்தின வருஷம்தான் லாக்டவுன்ல அந்த சீரியல மறுபடி போட்டாங்க, நாங்க எல்லாரும் விஜிய திரும்ப தினமும் பாத்தோம், எம்பொண்ணு அப்பதான் முதல் தடவையா பாத்துட்டு அஞ்சு பேருல விஜி மட்டும்தான் தனக்கு புடிக்கும்னு சொன்னா. அவங்க போயிட்டாங்கன்னு செய்தி வந்தப்போ நான் பாத்த பேப்பர்ல எல்லாம் ஒரு சின்ன பெட்டிச் செய்தி, ஒரு போட்டோ. 2023 செப்டம்பர்ல 'எதிர்நீச்சல்' மாரிமுத்து அந்த சீரியல் டப்பிங் அன்னிக்கே மறைஞ்சப்போ பக்கம் பக்கமா வந்துச்சு, ஆதி குணசேகரனா அவர் பண்ணதுக்கு அது நியாயம்தான், ஆனா அந்த குணசேகரன எப்படி புடிச்சாரு, யார மனசுல வச்சு பண்ணாருன்னு அவர் உயிரோட இருக்கும்போது உக்கார வச்சு இன்னும் நிறைய கேட்டுருக்கலாமேன்னுதான் எனக்கு தோணுச்சு.

அதனால என் வேண்டுகோள் இதுதான் சார். வாரத்துக்கு ஒரு அரைப்பக்கம், ஒரு வாரத்துக்கு ஒரு கேரக்டர். நடிச்சவங்கள கேளுங்க, வசனம் எழுதுனவங்கள தேடிப் புடிங்க, ஏன்னா அவங்க பேரு டைட்டில்ல ஓடி மறைஞ்சதோட சரி, தினம் தினம் எழுதிக் குடுத்த அந்தக் கை யாரோடதுன்னு பாக்குறவங்க யாருக்கும் தெரியாது. ஹீரோ ஹீரோயினோட நிறுத்திடாதீங்க, மாமியாரா, நாத்தனாரா, பக்கத்து வீட்டு ஆளா வந்தவங்களையும் கேளுங்க. கே.பாலசந்தர் பண்ண 'கையளவு மனசு' கீதா, 'பிரேமி' ரேணுகா, இவங்களையும் விட்டுடாதீங்க, அதெல்லாம் எம்பொண்ணு வயசு பசங்களுக்கு பேரு கூட தெரியாது. 'நாதஸ்வரம்' ஆயிரமாவது எபிசோட காரைக்குடியில இருந்து லைவ்வாவே நடிச்சு காட்டுனாங்களே, அன்னிக்கு மௌலி சாரும் மத்தவங்களும் எப்படி அத சமாளிச்சாங்கன்னு அது ஒண்ணுக்கே தனியா ஒரு வாரம் எழுதலாம்.

வாசகர்கள் கிட்டயும் கேள்வி அனுப்ப சொல்லுங்க, வந்து குவியும், நான் கேரண்டி. முதல் கேள்வி என்னோடது, சத்யப்ரியா அம்மாவுக்கு. 'கோலங்கள்'ல அபியோட அம்மா கற்பகமா வந்து புருஷன் விட்டுட்டுப் போன துக்கத்த முழுங்கிட்டு புள்ளைங்கள வளர்த்தீங்க, அதே திருச்செல்வம் டைரக்ஷன்ல 'எதிர்நீச்சல்'ல குணசேகரனோட அம்மா விசாலாட்சியா வந்து மருமகளுங்கள அந்த அதட்டு அதட்டுனீங்க. கற்பகம் மாதிரி ஒருத்தி விசாலாட்சி வீட்டுக்கு மருமகளா வந்துருந்தா நீங்க என்ன பண்ணிருப்பீங்க? இத மட்டும் அவங்ககிட்ட கேட்டு, அவங்க சொன்னத ஒரு வார்த்தை வெட்டாம போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட ரொம்ப நாள் வாசகி