டிக்கியில் நைட்ரஸ் பாட்டில், வெளியே மதுரை வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழங்காநத்தம் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். "அண்ணே, நம்ம வண்டிக்கு நைட்ரஸ் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டு வரும் தம்பிகள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். வண்டியின் பவரைக் கூட்ட இன்ஜினுக்குள் விடும் நைட்ரஸ் ஆக்சைடு கேஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் சின்ன காராக இருக்கும், ஆன்லைனில் வாங்கிய கிட் மட்டும் கையில் இருக்கும். திட்டி அனுப்பினால் அடுத்த ஷெட்டில் போய் அந்தக் கிட்டை மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் விஷயத்தை உடைத்து எழுதுகிறேன், பெற்றோரும் படிக்க வேண்டும்.

நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் இல்லை. பாட்டிலில் இருக்கும் கேஸ்தான் எரிந்து வேகம் கொடுக்கிறது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். இன்ஜினுக்குள் 300 டிகிரி சூட்டை ஒட்டி அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. காற்றில் எடைக்கணக்கில் ஆக்சிஜன் 23 சதவீதம் என்றால் இதில் 36. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோலும் உள்ளே போனால்தான் பவர். போகாவிட்டால் நாக் அடித்து, அதாவது உள்ளே இருக்கும் கலவை கட்டுக்கடங்காமல் தானாக வெடித்து, பிஸ்டன் உருகும். என் ஷெட்டுக்கு வந்த ஒரு வண்டியில் ஹெட்டைக் கழற்றினால், ஒரு பிஸ்டனின் ஓரம் ரிங் வரைக்கும் கரைந்து போயிருந்தது, ஸ்பார்க் பிளக் முனையில் அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. மாட்டியவர் கேஸ் லைனை மட்டும் இழுத்துவிட்டுப் பெட்ரோல் பக்கம் கையே வைக்கவில்லை.

ஆகவே கம்பெனியில் வந்தபடியே இருக்கும் ஸ்டாக் இன்ஜினுக்குப் போடுவதென்றால் பெட்ரோலும் சேர்ந்து பாயும் வெட் கிட்தான், அதுவும் 80 குதிரைத்திறன் இன்ஜினில் கூடுதலாக 25 குதிரைத்திறனுக்கு மேல் நான் ஏற்ற விடமாட்டேன். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, ஆர்.பி.எம். 3000-ஐத் தாண்டிய பிறகுதான் சோலனாய்டு (கரன்டில் திறக்கும் வால்வு) திறக்க வேண்டும். கீழ் ஆர்.பி.எம்-மில் திறந்தால் கேஸும் பெட்ரோலும் இன்டேக்கில் தேங்கி அங்கேயே வெடித்து பேக்ஃபயர் ஆகும், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டு இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது, அதைத் தாங்காது. அதேபோல ஆர்.பி.எம். எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலை வெட்டும் முன்பே கேஸ் நின்றுவிட வேண்டும். பெட்ரோல் பிரஷர் இறங்கினால் தானாக நிறுத்தும் சுவிட்சை வேண்டாத செலவு என்று விட்டுவிடுகிறார்கள், இன்ஜினைக் காப்பாற்றுவதே அதுதான். சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் ஒரு படி கோல்டு ஸ்பார்க் பிளக் போட வேண்டும், 95 ஆக்டேன் பெட்ரோல் ஊற்ற வேண்டும், ஸ்பார்க் அடிக்கும் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி பின்னால் தள்ள வேண்டும். முன்பு மாதிரி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைக்க வழியில்லை, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. மேப்பில் கை வைக்கத் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

இதையெல்லாம் சரியாகச் செய்பவர்கூட நம்ம ஊர் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டிலுக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. கிட்டோடு வரும் ஜெட் (கேஸும் பெட்ரோலும் பாயும் சின்னத் துளை) அளவெல்லாம் பாட்டில் 30 டிகிரியை ஒட்டி, பிரஷர் 900, 950 பி.எஸ்.ஐ. இருக்கும் என்ற கணக்கில் வைத்தது. சூடு ஏற ஏற பிரஷரும் ஏறும், கேஸ் கூடப் போகும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் நிற்கும். 36.4 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளே திரவம் என்றே ஒன்று இருக்காது, என்ன பிரஷர் கொடுத்தாலும் திரவமாகாத நிலை அது. அதற்கப்புறம் ஜெட் வழியாக எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் மதுரையில் நிழலிலேயே 38, 40 அடிக்கிறது. மாட்டுத்தாவணியில் மத்தியானம் நிறுத்திய காரின் டிக்கிக்குள் எவ்வளவு இருக்கும்? இதில் கொடுமை, குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்த பாட்டில் ஹீட்டரையும் விடாமல் மாட்டச் சொல்கிறார்கள்.

பாட்டில் கதை இன்னும் மோசம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நீலக் கலர் சிலிண்டரில் இருந்து எவரையோ பிடித்து மாற்றி நிரப்பிக்கொண்டு வருகிறார்கள், தராசில் எடை போடுவது கிடையாது. அளவுக்கு மேல் திரவம் நிறைந்த பாட்டில் சூடானால் விரியக் காலி இடம் இல்லாமல் பிரஷர் தாறுமாறாக ஏறும். பிரஷர் மீறினால் உடைந்து கேஸை வெளியே விடும் சேஃப்டி டிஸ்க் உடைந்தாலும், வெளியே போகக் குழாய் வைக்காவிட்டால் மொத்த கேஸும் காருக்குள்தான் நிரம்பும், கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுப் போகிறவருக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது. ஷெட்டில் வேலை செய்யும் பையன்களுக்கும் சொல்கிறேன், கிரீஸ் கையோடு அந்த வால்வைத் தொடாதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கு என்ன சுத்தமோ அதே சுத்தம் இதற்கும் வேண்டும்.

ரோட்டில் ஓட்டலாமா என்றால், கூடாது. ஆர்.சி. புக்கில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நத்தம் பறக்கும் பாலத்தில் ராத்திரி போய்ப் பார்க்கிற விளையாட்டு இல்லை இது. கோவையில் கரி ரேஸ் டிராக் இருக்கிறது, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது, ஆசை உள்ளவர்கள் அதற்கென்று தனி வண்டி வைத்து அங்கே போகட்டும். தென் மாவட்டப் பையன்களுக்கு இங்கேயே ஒரு டிராக் வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் நன்றாக இருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. மகன் காரின் டிக்கியில் அப்படி ஒரு பாட்டில் கிடந்தால், வால்வைத் திறந்து காலி செய்யப் பார்க்காதீர்கள். பீய்ச்சி வரும் திரவம் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, வண்டியை நிழலுக்குத் தள்ளி, வால்வு மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றி இறக்குவதைத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
பழங்காநத்தம், மதுரை.