சரவணன் மறுபடி பள்ளிக்கூடம் போகிறான்

ரங்கூன்
2024 ஆகஸ்ட்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. ஆனால் இந்தச் சேதியை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். சரவணன் மறுபடி பள்ளிக்கூடம் போகிறான்.

மற்றபடி எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி, அதே எண்ணெய், அதே புலம்பல். ராஜிக்கு இரண்டாவதும் பெண். அவள் மாமியார் முகம் போன போக்கை நேரில்தான் சொல்ல முடியும். கம்பை முருகன் கோயிலில் உன் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்களே, அதோடு அவன் பையைத் தூக்கி வைத்தவன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு 2021 ஜூனில் திறந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் போகவில்லை. நாங்களும் அனுப்பவில்லை. ஏன் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அப்போது அவனுக்குப் பதினைந்து. மாமா டீக்கடையில் கொஞ்ச நாள் நின்றான், அப்புறம் போன் ரிப்பேர் கடையில் சேர்ந்தான். கை ஓடியது, சம்பளம் வந்தது. மாதம் பிறந்தால் என் கையில் கொண்டுவந்து கொடுப்பான். அந்தக் காசில்தான் போன வருடம் கூரையை மாற்றினோம்.

இந்த பிப்ரவரியில் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கும் அந்தச் சட்டத்தை அறிவித்தார்களே, ஆண்களுக்கு 18 முதல் 35 வரை என்று, அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. தாய்லாந்து எல்லையில் மேசோட்டுக்கு அனுப்பு, சென்னைக்கு அனுப்பு என்று ஆளுக்கொரு யோசனை. இவர் ஒரு ஏஜென்டைப் பார்த்துப் பேசியும் வந்துவிட்டார். அன்று இரவு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “நான் படிக்கிறேன்மா” என்றான் சரவணன். இவருக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

படிக்கிறவர்களைத் தள்ளி வைக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உடனே சொந்தக்காரர்கள், “பயந்துபோய்ப் படிக்கிறான்” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதைக் கேட்டால் எனக்குப் பற்றி எரிகிறது, செல்வி. பயம் இருக்காதா? யாருக்கு இல்லை? ஆனால் அவன் என்னிடம் சொன்னது வேறு. கடையில் போர்டைத் திறந்து பழுதைச் சரி பண்ணிவிடுகிறானாம், அது எதனால் போனது, இதை மாற்றினால் ஏன் ஓடுகிறது என்று மட்டும் புரியவில்லையாம். முதலாளியிடம் கேட்டால் அவருக்கும் தெரியாதாம். இந்த ஆசை அவனுக்குள் எத்தனை நாளாகக் கிடந்ததோ, பெற்றவளுக்கே தெரியவில்லை.

சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓரிடத்தில் வயதைக் கேட்டதும் பழைய சர்டிபிகேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பிரைவேட் பள்ளியில் பத்தாம் வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள். நம் காலம்போல் பத்தோடு முடியாதே, இப்போது பன்னிரண்டு. பொதுத்தேர்வு 2027 மார்ச்சில்தான். பணத்துக்குச் சீட்டை எடுத்துவிட்டேன், நகை பத்திரம், கவலைப்படாதே.

முதல் நாள் காலையில் மீசையை மழித்துவிட்டு, வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கியோடு வந்து நின்றான். எனக்கு நெஞ்சு அடைத்தது. வகுப்புப் பிள்ளைகள் அவனை “கோஜீ” என்கிறார்களாம், பெரிய அண்ணன் என்று. மரியாதைதான், ஆனாலும் அவனுக்குக் கூச்சம். செயாமா, அதுதான் டீச்சர், கேள்வி கேட்டால் தெரிந்த பதிலையும் சொல்லாமல் நிற்கிறானாம்.

பர்மியப் பாடம் தேறிவிடும். கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, விடிகாலையில் வந்தால் எழுந்து சத்தம் போட்டு ஒப்பிக்கிறான். நான் கீரை ஆய்ந்துகொண்டே புத்தகத்தை மடியில் வைத்துச் சரிபார்க்கிறேன். நீ யார் பேப்பரைப் பார்த்து பர்மியத்தில் பாஸானாய் என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை, பயப்படாதே! கணக்குதான் உதைக்கிறது. முதல் மாதப் பரீட்சையில் 23, நாற்பது வேண்டும். அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேராக ரிப்பேர் கடைக்குப் போய்விட்டான். இரவு வெகுநேரம் கழித்து வந்தான். இவர் வாசலிலேயே, “எங்கே போனாய்?” என்று பிடித்துக்கொண்டார். நான் இவரை உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னேன். மூன்று வருடம் வீட்டுக்குச் சம்பளம் கொடுத்த பையன். பள்ளியில் அவனைப் பிள்ளையாக நடத்துகிறார்கள், அதை அவன் பொறுத்துக்கொள்கிறான். வீட்டிலும் அப்படி நடத்தினால் எங்கே போய் நிற்பான்? மார்க்கை அவனாகச் சொல்லட்டும், நாம் கேட்க வேண்டாம். இவர் முனகினார், ஆனால் அன்றிலிருந்து கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகட்டும் என்றும் விட்டுவிட்டேன். படிப்பு கெடும் என்கிறாள் அண்ணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் அவன் முதுகு நிமிர்கிறது, திங்கட்கிழமை தெம்பாகப் பள்ளிக்குப் போகிறான்.

முடிக்கும்போது அவனுக்கு இருபத்தொரு வயது ஆகும். அதுவரை இந்தத் தள்ளிவைப்பு இருக்குமா, பாதியில் மாற்றுவார்களா, யாரைக் கேட்பது? ராத்திரியில் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து அவன் படுத்திருக்கிறானா என்று பார்க்கிறேன். அவனும் தூங்குவதுபோல் படுத்திருக்கிறான், எனக்குத் தெரியாதா. இதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. உன்னிடம்தான் எழுத முடிகிறது.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. உன் கார்த்திக் இன்ஜினியரிங்தானே? ஞாயிறு இரவு ஏழு மணிக்கு மேல், நெட் இருந்தால், சரவணனோடு கொஞ்சம் கணக்குப் பேசச் சொல். புத்திமதி வேண்டாம், “இந்த வயதில்” என்ற பேச்சே வேண்டாம். முதலில் போன் ரிப்பேரில் ஆரம்பிக்கட்டும், அதில் கார்த்திக்குக்கே இவன் சொல்லித் தருவான். அப்புறம் கணக்குக்கு வரட்டும். சென்னைக்கு அனுப்பிவிடு என்று உன் வீட்டுக்காரர் இவருக்குப் போன் பண்ணாமலும் பார்த்துக்கொள், இப்போதுதான் மனசு ஒரு வழிக்கு வந்திருக்கிறது.

கார்த்திக் என்ன சொன்னான் என்று உடனே எழுது.

உன்,
மீனா