டைல்ஸை எதற்கு ஊறவைக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டைல்ஸ் ஒட்டும் வேலை நடக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு காட்சி தவறாது. டைல்ஸ் தொட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும், ஒட்டும்போது ஒன்றோடு ஒன்று இடிக்கிற மாதிரி நெருக்கி வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் "காலங்காலமா இப்படித்தான் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஊறவைப்பதற்குக் காரணம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. சிமெண்ட் கல்லும் செராமிக்கும் தண்ணீர் குடிக்கும், காய்ந்தபடியே வைத்தால் கலவையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சிமெண்ட் ஒழுங்காக இறுகாது. குளியலறைச் சுவருக்கு வாங்கும் செராமிக் இன்றைக்கும் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக்கூடியதுதான். ஆனால் ஹாலில் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது கண்ணாடி மாதிரி இறுகும்படி சுட்டது, 0.5 சதவீதம்கூட உறிஞ்சாது. ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும் உள்ளே ஒன்றும் ஏறாது, பின்பக்கம் தங்கும் ஈரம் பிடிப்பைத்தான் கெடுக்கும். இந்த வகைக்குப் பின்பக்க வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு, ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் டைல்ஸ் ஒட்டும் பசையை இழுத்து ஒட்டவேண்டும். பசைக்கு ஐஎஸ் 15477 என்று இந்தியத் தரமே இருக்கிறது.

அப்புறம் அந்த நெருக்கம். வெயிலில் டைல்ஸ் விரியும், அடியிலுள்ள கான்கிரீட் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், நகர இடமில்லாவிட்டால் ஒருநாள் படாரென்று சத்தத்தோடு நடு ஹாலில் கூடாரம் அடித்த மாதிரி எழும்பி நிற்கும். டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விட 2 மி.மீ. ஸ்பேசர் துண்டு வைத்து, சுவரோரமும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைக்கிற அளவுக்கு இடம் விட்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் குறையும். ஆனால் கோடு தெரியக்கூடாது, அழுக்கு சேரும் என்று அடம்பிடிப்பது பல இடங்களில் வீட்டுக்காரர்தான்! கூலியோ சதுர அடிக் கணக்கு. ஸ்பேசர் வைத்து, மறுநாள் அந்த இடைவெளியில் கிரவுட் கலவை அடைக்கிற வேலைக்கு யார் கூட்டித் தருகிறார்கள்? மேஸ்திரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

குளியலறையில் தண்ணீர் ஓட வாட்டம் பார்ப்பதும், ஒட்டியபின் தட்டிப் பார்த்து, அடியில் காலியாக இருப்பதுபோல் 'டொக்' என்று கேட்டால் பெயர்த்து மறுபடி ஒட்டுவதும் பழைய வழக்கம்தான், அதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அதற்குக் காரணம் இன்னும் மாறவில்லை.

ஒட்டும் முறையைப் பெட்டியிலேயே அச்சிடுகிற கம்பெனிகள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடாமல், கொத்தனார் படிக்கிற அளவில் தமிழில் போடட்டும். உங்கள் 'வீடு' இணைப்பிதழிலும் ஒரு வாரம் இதை எழுதலாமே.

- ஒரு வாசகர், திருச்சி