வேகத்துக்காகப் பூட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழின் இணைப்பில், வீட்டுக் கணினியை வேகமாக்குவது எப்படி என்று பத்துக் குறிப்புகள் வந்திருந்தன. என் அப்பா அதைக் கத்தரித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்து, ஒன்று விடாமல் செய்து முடித்திருக்கிறார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அச்சில் வந்தால் சரிபார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறவர். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன். பத்தில் ஏழு குறிப்புகள் பரவாயில்லை, மூன்று மட்டும் ஆபத்தானவை. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடுங்கள், ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கிளீனர் (கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்) ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பவைதான் அந்த மூன்று.

இரண்டு நாள் கணினி நன்றாகத்தான் ஓடியதாம். மூன்றாம் நாள் திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று பெட்டி பெட்டியாக வர ஆரம்பித்தது. பிரவுசரைத் திறந்தால் அவர் எப்போதும் பார்க்கும் பக்கம் இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது. நான் போய் உட்கார்ந்து பார்த்தபோது, அந்தக் கிளீனர் தன்னோடு வேறு இரண்டு மென்பொருள்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. காவலுக்கு இருந்த ஆன்டிவைரஸையோ முதல் நாளே அணைத்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போனது.

அப்டேட் விஷயத்தை முதலில் சொல்கிறேன். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்தன. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது, அதாவது இரண்டு மாதம் முன்பே. அப்போதே அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை. அப்டேட் வேலைக்கு நடுவில் வந்து தொந்தரவு செய்கிறது என்பது உண்மைதான், எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. அதற்கு அப்டேட்டை நிறுத்த வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தை அதில் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

அப்புறம் ஆன்டிவைரஸ். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. பல வீடுகளில் வேகத்தைக் கெடுப்பது வேறொன்று. கணினி வாங்கும்போது கூடவே வந்த, காலாவதியாகிப்போன சோதனைப் பதிப்பு ஆன்டிவைரஸ் ஒன்று உள்ளே கிடக்கும். அது காவலும் சரியாகச் செய்யாது, 'புதுப்பியுங்கள்' என்று தினமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை முழுவதுமாக நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வேகமும் கூடும், பாதுகாப்பும் கூடும்.

கிளீனர்கள் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் வேகம் வருவதாகச் சொல்வதில் பெரிதாக ஒன்றுமில்லை. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம். அங்கே பழைய குறிப்புகள் சில நூறு கிடந்தாலும் கணினி மெதுவாகாது. தப்பான ஒன்றை எடுத்துவிட்டால்தான் கணினி கிளம்பாமலே போகலாம். நல்ல பெயர் எடுத்த மென்பொருளாக இருந்தால்கூட முழு நிம்மதி இல்லை. 2017-ல் சிசிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீம்பொருளைச் சேர்த்துவிட, அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கியவர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது. கிளீனர் செய்யும் உருப்படியான வேலையைச் செய்யும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்து அழித்தால் நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ், ரசீது எல்லாம் சேர்ந்து போய்விடும்.

சரி, அப்பாவின் கணினி உண்மையில் ஏன் மெதுவாக இருந்தது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பார்த்தேன். கணினி எழும்போதே கூட எழுந்துகொள்ளும் மென்பொருள்கள் பதினான்கு. எப்போதோ வீட்டில் இருந்த, இப்போது இல்லாத பிரிண்டருக்கான உதவி மென்பொருள், ஒரே ஒரு தடவை பேசுவதற்காகப் போட்ட வீடியோ அழைப்பு மென்பொருள், பாட்டுக் கேட்கும் செயலி என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எழும்போது எவ்வளவு சுமை தருகிறது என்று விண்டோஸே எழுதியிருக்கும். ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்தால் அந்த மென்பொருள் அழிந்துவிடாது, நாம் கூப்பிடும்போது மட்டும் வரும். பதினான்கில் பதினொன்றை அப்படி நிறுத்தினேன். ஆன்டிவைரஸ், ஒலி, டச்பேட் தொடர்பானவற்றைத் தொடவில்லை. பெயரைப் பார்த்து எதற்கானது என்று புரியவில்லை என்றால் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் சிபியு என்பதைத் தொட்டால் கீழே 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்பா தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறவர், ஆனால் அங்கே 23 நாள் என்று காட்டியது! 'நான் தினமும் அணைக்கிறேனே' என்று அவருக்கு வருத்தமே வந்துவிட்டது. இதை அதிகம் பேர் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி வந்தது. ஷட் டவுன் கொடுக்கும்போது நம் ஃபைல்களும் மென்பொருள்களும் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள்கருவை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கணினி தூங்கும். மறுநாள் அதை எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் சீக்கிரம் எழுகிறது. ஆனால் உள்ளே ஏதாவது டிரைவர் (பிரிண்டர், ஒலி போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்) கோளாறு செய்துகொண்டிருந்தால் அதுவும் அப்படியே மறுநாளைக்கும் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இந்த வசதியை அணைத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு, பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அது தரும் நன்மையும் உண்மை என்பதால் நான் அணைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

உங்கள் குறிப்புகளில், காட்சி அலங்காரங்களைக் குறைத்தால் வேகம் கிடைக்கும் என்று ஒன்று இருந்தது. சரியான குறிப்புதான், நினைவகம் குறைந்த பழைய கணினியில் வித்தியாசம் தெரியும். ஆனால் அதில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் எழுத்துகளின் ஓரத்தை மென்மையாக்கும் வசதியும் சேர்ந்து போய்விடுகிறது. தமிழ் படிக்கிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். வளைவும் சுழியும் நிறைந்த நம் எழுத்துகள் படிக்கட்டு மாதிரி உடைந்து தெரியும். 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' என்ற ஒரு டிக்கை மட்டும் திரும்பப் போட்டுவிட்டால் போதும். அப்பா ஒரு மாதமாகக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

மூலையில் வந்த வைரஸ் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அவற்றில் பல வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டிருக்கும், நாம் அவசரத்தில் 'அலோ' கொடுத்திருப்போம். அதற்குப் பிறகு அந்தத் தளம் நம் திரையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அனுமதி பெற்ற தளங்களை எடுத்துவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்துவிட்டேன். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலில் அடையாளம் தெரியாதவை நான்கு இருந்தன, அவற்றையும் நீக்கினேன். திரை முழுக்க எச்சரிக்கை வந்து அதில் ஒரு போன் நம்பர் இருந்தால் அது நிச்சயம் மோசடி. எந்த எண்ணையும் அழைக்காமல் ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தி அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

பத்துக் குறிப்புகளில் இடம் பெற்றிருக்க வேண்டிய இரண்டு விடுபட்டுவிட்டன. இவற்றால் வேகம் கூடாது. ஆனால் இந்த இரண்டையும் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் எனக்கு நிம்மதி வராது.

ஒன்று, ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி. விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்தே வைக்கிறது. 'ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று ஒரு ஃபைல் வந்தால் நமக்குத் தெரிவது 'ரசீது.பிடிஎஃப்' மட்டும்தான். காகிதம் என்று நினைத்துத் திறக்கிறோம், உள்ளே இருப்பதோ ஓடும் மென்பொருள். 2000 மே மாதம் காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்து உலகையே ஆட்டிய வைரஸ் இந்த மறைவைத்தான் பயன்படுத்திக்கொண்டது. வெறும் எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது, உண்மையில் அது திறந்ததும் ஓடும் ஒரு விபிஎஸ் நிரல். இத்தனை ஆண்டு கழித்தும் அந்த அமைப்பு மாறவில்லை. விண்டோஸ் 11-ல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் போதும். விண்டோஸ் 10-ல் 'வியூ' பட்டையிலேயே இருக்கும்.

இன்னொன்று, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்குக்கு எல்லா அதிகாரமும் உண்டு, நாம் தினமும் அதிலேயே உட்கார்ந்து இணையம் பார்க்கிறோம். புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அதில் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகு, தினசரிக் கணக்கை 'ஸ்டாண்டர்டு' ஆக மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம், புதிய கணக்கில் உள்ளே போக முடிகிறதா என்று பார்க்காமலே பழையதை மாற்றினால் நீங்களே வெளியில் நின்றுவிடக்கூடும். இதற்குப் பிறகு எந்த மென்பொருளையும் கணினி முழுவதற்குமாக நிறுவ வேண்டுமென்றால் அந்த இன்னொரு பாஸ்வேர்டைக் கேட்கும். அப்பா விஷயத்தில் அந்தப் பாஸ்வேர்டு இப்போது என்னிடம் இருக்கிறது, அவரே விரும்பிக் கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் உங்கள் குறிப்புகள் சொல்லவில்லை. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. அந்தத் தேதிக்குப் பிறகும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் பெற மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்புத் திட்டத்தை அறிவித்தது, விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் பதிவு செய்துகொள்ளும் வழி தரப்பட்டது. அதற்கும் மேல் அதே கணினி வேண்டுமென்றால் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினி அதற்குத் தகுதி பெறாது. அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன், மின்னஞ்சலும் செய்தியும் பார்க்கிறவர்களுக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

அமைப்புகளால் முடிந்தது இவ்வளவுதான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற இடத்தில் எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம் என்று நின்றால், உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கைப் போடுவது மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தரும். எதை மாற்றுவதற்கு முன்பும் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவ் ஒன்றில் நகலெடுத்து, நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் பணயத் தாக்குதல் வரும்போது அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில், அந்த மூன்று குறிப்புகளுக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தக் குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டியவர் என் அப்பா ஒருவராக மட்டும் இருக்க முடியாது. அவர் ஒட்டிய தாள் இன்னும் மானிட்டர் ஓரத்திலேயே இருக்கிறது, மூன்று வரிகளை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்து வைத்திருக்கிறார். திருத்தம் வந்ததும் அதையும் பக்கத்தில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்