மொய்நோட்டில் பாதியில் அறுந்த பெயர்கள்: உங்கள் மென்பொருள் மீது ஒரு புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
கணினி மொய்ப் பதிவு நிலையம்,
கீரமங்கலம் வட்டாரம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் பிரிவு,
மொய்க்கணக்கு மென்பொருள் நிறுவனம்.

பொருள்: தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்காமல் வெட்டிச் சேமித்தது, இரண்டு பேர் மொய்யை ஒன்றாக்கியது குறித்துப் புகார்.

ஐயா,

வணக்கம். உங்கள் மென்பொருளை 4 வருஷமாகச் சந்தா கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் எங்கள் பக்கத்தில் மொய் விருந்துக் காலம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த மென்பொருளையே விற்கிறீர்கள். மற்ற மாதங்களில் கல்யாணம், காதுகுத்து என்று சில்லறை வேலை. என் வருஷத்துச் சாப்பாடு இந்த மூன்று மாதத்தில்தான்.

இந்த ஆடியில் ஒரு விருந்து. 1,140 பேர் மொய் எழுதினார்கள். மூன்று மேசை, மூன்று கணினி, காலை 10 மணிக்கு உட்கார்ந்து சாயங்காலம் 6 மணிக்கு எழுந்தோம். திரையில் பெயர் முழுசாக வந்தது. ரசீதிலும் முழுசாக வந்தது. ராத்திரி விருந்து வீட்டுக்காரரிடம் கொடுக்க நோட்டு அச்செடுத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 63 பெயர்களின் கடைசியில் கறுப்பாக ஒரு சாய்சதுரம், அதன் நடுவில் வெள்ளைக் கேள்விக்குறி.

மொய்நோட்டு என்பது வந்தவர் பட்டியல் இல்லை, கடன் நோட்டு. இன்றைக்கு 5,000 போட்டவர் வீட்டில் நாளைக்கு விருந்து வந்தால், இந்த நோட்டைப் பிரித்துத்தான் அவருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், மேலே எவ்வளவு வைக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். பெயர் இல்லை என்றால் பணம் இல்லை.

உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். முதலில் பேசிய தம்பி, "ஃபான்ட் மாத்திப் பாருங்க சார்" என்றார். மறுநாள் பேசிய அம்மா, "பேரைச் சுருக்கி அடிங்க, இல்லேன்னா இங்கிலீஷ்ல அடிச்சிடுங்க" என்றார். அச்சுக்காகக் கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபி வேலையை 22 வருஷம் செய்தவன் நான். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறியீடு என்று இருந்த காலத்தில், சிவகாசிக்கு அனுப்பிய காலண்டர் கோப்பு அங்கே திறந்தால் வேறு பாஷையாகத் தெரியும். அதையெல்லாம் மாற்றி மாற்றி அடித்துப் பிழைத்தவன். எழுத்துருக் கோளாறு எது, குறியீட்டுக் கோளாறு எது என்று எனக்குத் தெரியும். இது எழுத்துருக் கோளாறு இல்லை.

போன வருஷமும் உங்கள் ஏற்றுமதிக் கோப்பில் ஒரு சிக்கல் வந்தது. விரிதாளில் திறந்தால் தமிழே இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', திரும்பவும் 'ஏ', திரும்பவும் 'ஆர்' என்று பக்கம் முழுக்க. அதற்கு நான் புகார் எழுதவில்லை. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், அதாவது மூன்று சிறு எண்கள். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் 224 அந்த 'ஏ', 174 அந்த 'ஆர்'. படிக்கிற கண்ணாடிதான் மாறியிருக்கிறது, எழுத்து பத்திரமாக இருக்கிறது. யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது. இந்தத் தடவை அப்படி இல்லை. சாய்சதுரம் விழுந்த இடத்தில் எழுத்தே கிடையாது.

காப்புக் கோப்பை எடுத்து என் அக்கா மகனோடு உட்கார்ந்து பைட் பைட்டாகப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், கோப்பு இணைத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் இங்கே மாற்றிச் சொல்கிறேன், அவர்கள் வீட்டுக் கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டாம்.

வரிசை எண் 417: சி. முத்துலட்சுமி கருப்பையா, 5,000 ரூபாய். வரிசை எண் 702: சி. முத்துலட்சுமி கருப்பசாமி, 2,000 ரூபாய். இரண்டு பேருக்கும் ஒரே ஊர். கணவர்கள் வெளிநாட்டில் இருப்பதால் இருவரும் தங்கள் பெயரிலேயே மொய் எழுதினார்கள். உங்கள் நோட்டில் 702 என்ற வரியே இல்லை. 417இல் "சி. முத்துலட்சுமி கருப்", சாய்சதுரம், 7,000 ரூபாய்.

எப்படி நடந்தது என்று எண்ணிப் பார்த்தோம். உங்கள் விளம்பரத் தாளில் "பெயர் 64 எழுத்து வரை" என்று இருக்கிறது. நீங்கள் ஒதுக்கியிருப்பது 64 எழுத்து இல்லை, 64 பைட். ஆங்கிலத்தில் அடித்தால் எழுத்துக்கு ஒரு பைட், கணக்கு சரியாக வரும். தமிழில் முத்துலட்சுமி என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்திருக்கிற யூனிகோடு தரத்தில் மு என்பது ம ஒன்று, உகரக் குறி ஒன்று. த் என்பது த ஒன்று, புள்ளி ஒன்று. அப்படிப் பார்த்தால் 13 குறிகள், 39 பைட். அதையே ஆங்கிலத்தில் அடித்தால் 12 பைட்டில் முடிந்துவிடும். உங்கள் உதவி எண்ணில் பேசிய அம்மா அதனால்தான் இங்கிலீஷில் அடிக்கச் சொன்னாரோ என்னவோ.

"சி. " என்பதற்கு 8 பைட், முத்துலட்சுமிக்கு 39, இடைவெளிக்கு ஒன்று. மீதி 16 பைட்டில் க, ர, உகரம், ப, புள்ளி என்று 5 குறிகளுக்கு 15 போகிறது. மிச்சம் ஒரே ஒரு பைட். அடுத்து வர வேண்டிய 'ப' 224, 174, 170 என்ற மூன்று பைட். அதில் முதல் 224ஐ மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டது உங்கள் மென்பொருள். கருப்பையா, கருப்பசாமி இரண்டுக்கும் அந்த இடம் வரை ஒரே பைட்கள்தான். சி. முத்துலட்சுமி கருப்பனோ சி. முத்துலட்சுமி கருப்பாயியோ வந்திருந்தாலும் அதே வரியில்தான் விழுந்திருப்பார்கள். ஒரே பெயர், ஒரே ஊர் என்று எண்ணி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், தொகையைக் கூட்டிவிட்டது.

224 என்ற பைட்டுக்கு, "எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்" என்று பொருள். பின்னால் யாரும் இல்லை என்றால் அது செல்லாத சரம், அதாவது எழுத்தாகப் படிக்க முடியாத பைட் வரிசை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. யூடிஎஃப்-8 முறை 1992இல் வந்தது. 2003இல் வெளிவந்த அதன் இணையத் தரநிலை ஆவணம், செல்லாத பைட் வரிசையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் காத்துக்கொள்ள வேண்டியது நிரலின் கடமை என்று கட்டாயமாகவே சொல்கிறது. பைத்தான், ஜாவா, பிஎச்பி எதில் எழுதினாலும் சரம் செல்லுமா செல்லாதா என்று பார்க்க ஆயத்தச் செயற்கூறு (முன்பே எழுதி வைத்த சின்ன நிரல்) இருக்கிறது. என் அக்கா மகன் கல்லூரி இரண்டாம் வருஷம். அவன் நாலு வரியில் எழுதி உங்கள் கோப்பில் ஓட்டினான். ஒரு நொடிக்குள் 63 வரியையும் காட்டிவிட்டது. வாசலில் நின்று பார்க்க வேண்டிய வேலையை நீங்கள் வைக்கவே இல்லை.

இதைவிட ஒரு கூத்து. ஒரு வரியில் தொகையைத் திருத்த 417ஐத் திறந்து சேமித்தேன். திறக்கும்போது உங்கள் நிரல் அந்த 224ஐப் படிக்க முடியாமல் சாய்சதுரமாக மாற்றுகிறது. சாய்சதுரம் யூனிகோடில் ஒரு முறையான குறிதான், 239, 191, 189 என்று மூன்று பைட். சேமிக்கும்போது இடம் பற்றாமல் அதையும் வெட்டி 239ஐ மட்டும் வைத்துக்கொள்கிறது. முன்பாவது இங்கே ஒரு தமிழ் எழுத்து தொடங்கியது என்று 224 சாட்சி சொன்னது. இப்போது அதுவும் போய்விட்டது.

சரி, சாய்சதுரம் விழுந்த 63ஆவது கண்ணில் பட்டது. சுத்தமாக வெட்டுப்பட்டவை 31. முன்னால் "சி." போல எதுவும் இல்லாமல் அடித்த வேறொரு "முத்துலட்சுமி கருப்பையா" 67 பைட். 64இல் வெட்டினால் கடைசித் துணைக்கால் மட்டும் கச்சிதமாகக் கழன்று "கருப்பைய" என்று நிற்கிறது. செல்லுமா என்று கேட்டால் செல்லும், பைட் வரிசையில் ஒரு குற்றமும் இல்லை. பெயர்தான் தப்பு. அதனால் செல்லுபடியாகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. இடம் பற்றாவிட்டால் வெட்டாதீர்கள், "பெயர் நீளம்" என்று சொல்லி நிறுத்துங்கள். மேசையில் இருக்கிற பையன் அதற்கேற்றபடி சுருக்கிக்கொள்வான். அவனுக்கு எந்தப் பெயரை எங்கே சுருக்கலாம் என்று தெரியும், உங்கள் நிரலுக்குத் தெரியாது.

எழுத உட்கார்ந்த பிறகு பழைய குறை ஒன்றும் ஞாபகம் வருகிறது. பழைய எழுத்துருவில் இருந்த நோட்டுகளை உங்கள் மாற்றி வழியாக யூனிகோடில் ஏற்றினேன். பொன்னம்மாள் என்று தேடினால் பழைய நோட்டில் இருக்கிற பொன்னம்மாள் வருவதில்லை. 'பொ'வில் வருகிற கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியாகவும் வரலாம். இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. உங்கள் மாற்றி இரண்டாகப் போடுகிறது, விசைப்பலகை ஒன்றாகப் போடுகிறது, உங்கள் தேடல் இரண்டையும் வேறு வேறு ஆள் என்கிறது. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவும் ஆயத்தச் செயற்கூறுகள் உண்டு. போடவில்லை.

நோட்டை எப்படிச் சரிசெய்தோம் என்று கேட்பீர்கள். ரசீதின் அலுவலகப் பிரதியை நான் எப்போதும் கம்பியில் குத்தி வைப்பேன். பெயர் உங்கள் மென்பொருளின் தரவுக் கிடங்குக்குப் போகும் முன்பே ரசீது திரையிலிருந்து அச்சாவதால் அதில் பெயர் முழுசாக இருந்தது. 1,140 துண்டுச் சீட்டையும் நோட்டோடு ஒப்பிட இரண்டு ராத்திரி ஆனது. 702ஆம் எண்ணுக்காரர் வீட்டுக்கு நானே போய்ச் சீட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கி வந்தேன். விருந்து வீட்டுக்காரர் எனக்குப் பேசிய கூலியில் பாதிதான் கொடுத்தார். நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த வருஷச் சந்தாவைத் திருப்புங்கள். பெயர்ப் பெட்டியை விளம்பரத்தில் சொன்னபடி 64 தமிழ் எழுத்து கொள்ளும்படி ஆக்குங்கள். உள்ளே வரும்போதும் சேமிக்கும்போதும் சரம் செல்லுமா என்று பாருங்கள்; செல்லாவிட்டால் நீங்களாகச் சாய்சதுரம் போட்டு மூடாமல், வரிசை எண்ணோடு தமிழில் எச்சரிக்கை காட்டி நிறுத்துங்கள். ஒரே பெயர் என்று எங்களைக் கேட்காமல் எந்த மொய்யையும் கூட்டாதீர்கள். இதே பதிப்பை வாங்கிய மற்ற மொய்ப் பதிவுக்காரர்களுக்கும் சொல்லுங்கள், அவர்களிடம் சீட்டுக் கம்பி இல்லாமலிருக்கலாம்.

கடிதம் கிடைத்த 15 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் இல்லை என்று பதில் எழுத வேண்டாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஆவணியில் இன்னும் 4 விருந்து பேசியிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு மேசையிலும் கணினிக்குப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பேனாவில் தனி நோட்டு எழுதுகிறோம். ஆளுக்கு நாள் கூலி 800 ரூபாய். அந்தக் கணக்கையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கணினி மொய்ப் பதிவு நிலையம்.