இரண்டு கார்டுக்கு ஒரு மலிவு பவர் சப்ளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திரையில் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஒரே கணினியில் இரண்டைப் பொருத்தி கேம் விளையாடும் மோகம் பட்டர்வொர்த், பிறை பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்னும் போகவில்லை. கார்டுக்கு என்றால் யோசிக்காமல் காசை நீட்டுகிறார்கள். வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளைக்கு மட்டும், கையில் மிஞ்சிய வெள்ளிக்கு எது கிடைக்கிறதோ அதுதான். கணினி பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் அதன் பலன் என் மேசைக்கு வந்து சேர்கிறது.

அண்மையில் வந்த ஒரு கணினியில் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ரக கார்டு இரண்டு. இணையம் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கேம் சூடுபிடித்ததும் பட்டென்று அணைந்துவிடும். வைரஸ் என்று நினைத்து அந்தத் தம்பி விண்டோசையே அழித்துப் போட்டிருக்கிறார். மூடியைக் கழற்றி பவர் சப்ளை ஸ்டிக்கரைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் 650 வாட். அதன் கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 32 ஆம்பியர். பெருக்கினால் 384 வாட்தான் வருகிறது. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். கார்டு ஒன்றுக்கே 250 வாட், இரண்டுக்கு 500. மீதி வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்கில் காட்டியது. இன்றைய கணினிக்கு அது அவ்வளவாக வேண்டியதே இல்லை.

கேபிள் சங்கதி அதைவிட மோசம். அந்தக் கார்டு ஒவ்வொன்றுக்கும் 8 பின் மின் இணைப்பு ஒன்று, 6 பின் இணைப்பு ஒன்று கொடுக்க வேண்டும். 8 பின் 150 வாட்டுக்கு, 6 பின் 75 வாட்டுக்கு. பவர் சப்ளையில் கார்டுக்கென இருந்ததோ ஒரே கேபிள். மற்றதற்கு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குக் கொடுக்கும் 4 பின் கேபிளில் அடாப்டர் மாட்டி விட்டிருந்தார்கள். அந்த அடாப்டரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றும்போது பின்னும் கையோடு வந்துவிட்டது. நெருப்புப் பிடிக்காதது அவருடைய நல்ல நேரம்.

இந்தக் கணினிக்கு, கார்டுகளுக்கு 500, பிராசசருக்கு 150, மதர்போர்டு, விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தாலே 700 வாட் ஆகிறது. கார்டுகள் கண நேரத்துக்கு அதைத் தாண்டியும் இழுக்கும். ஆகவே 850 வாட்டுக்குக் குறையக் கூடாது. 1000 இருந்தால் நிம்மதி. 850 என்று எழுதியிருந்தால் 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் அளவுக்காவது இருக்கிறதா, கார்டுகளுக்குத் தனித்தனி கேபிள் வருகிறதா என்று கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். 80 பிளஸ் கோல்டு முத்திரை நல்லதுதான். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைச் சொல்லுமே தவிர, ஆபத்து நேரத்தில் காப்பாற்றுமா என்பதைச் சொல்லாது. நான் முதலில் பார்ப்பது எத்தனை வருட வாரண்டி என்பதைத்தான்.

1000 வாட் என்றதும் பெற்றோர் கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். கணினிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அது இழுக்கும். நம் 230 வோல்ட்டில் 1000 வாட் என்பது 5 ஆம்பியர்கூட இல்லை. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி அதைவிட அதிகம் இழுக்கிறது. சிரிம் தரச்சான்று முத்திரை இல்லாத எக்ஸ்டென்ஷனில் சொருகாமல் இருந்தால் சரி. இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால் கேமுக்கு இரண்டாவது கார்டே வேண்டாம். இந்தக் கார்டுகளின் நிறுவனமான என்விடியாவே 40 வரிசைக் கார்டுகளிலிருந்து இரண்டைச் சேர்க்கும் வசதியை எடுத்துவிட்டது. புதிய கேம்கள் பெரும்பாலும் இரண்டாவது கார்டைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் காசுக்கு நல்ல கார்டு ஒன்று வாங்கலாம். ஆனால் ஆசை யாரை விட்டது!

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை அட்டையில் வாட்டை எழுதும்போது பக்கத்திலேயே 12 வோல்ட் ஆம்பியரையும் எழுதுங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் கடைகளுக்கு வரும்போது அரிசி, எண்ணெய் விலையோடு இந்த ஸ்டிக்கரையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஏமாந்தவர்கள் ரசீதை வைத்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மனு செய்ய 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவன்,
பட்டர்வொர்த், பினாங்கு